நீலப்பூ போட்ட கப்பு

12 ஜூன் 2010, கடலூர்

காலையிலேயே வெண்மதியிடம் திட்டு. பேப்பர் கப்பில் காபி குடிக்க மாட்டேன் என்று சொன்னேன், அதுதான் குற்றம். பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம். மிச்சமான பேப்பர் கப்பையெல்லாம் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கழுவுகிற வேலை இல்லையாம்.

"ஏம்மா, நாளைக்கு சோத்தையும் பேப்பர்ல போட்டு சுருட்டிக் குடுப்பியா?"

"குடுப்பேன். பேசாம குடிங்கப்பா."

டீச்சர் வேலைக்குப் போனதிலிருந்து பெற்ற அப்பனையே பெஞ்சு மேல் ஏற்றப் பார்க்கிறாள்.

நான் எட்டாங்கிளாஸ் பெயில். ஆனால் காபியை எதில் குடிக்கணும் என்று கேட்டால் பாஸ். பேப்பர் கப்பில் காபி வாசனை வராது, பசை வாசனைதான் வரும். பிளாஸ்டிக் கப்பு பிடித்தாலே வளையும். கண்ணாடி கிளாஸ் டீக்கு. எவர்சில்வர் டம்ளர்தான் காபிக்குச் சரி, ஆனால் விரலைச் சுட்டுவிடும். டபரா இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. முப்பது வருஷம் கடலூர்–சிதம்பரம் ரூட்டில் பஸ் ஓட்டிய சாமிக்கண்ணு நான். புதுச்சத்திரத்தில் ஒரு காபி, முட்லூரில் ஒரு காபி. குடிக்காத பாத்திரம் இல்லை.

சாயங்காலம் ராஜமாணிக்கம் வீட்டுக்குப் போனேன். என் வண்டியில் கண்டக்டராக இருந்தவன். நான் ஸ்டீயரிங், அவன் விசில். என் பெண்டாட்டி ராசம்மாள் போன பிறகு சிதம்பரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இங்கே வந்தேன். வந்து பார்த்தால் அவன் வீடு மூன்று தெரு தள்ளி! இத்தனை வருஷப் பழக்கத்தில் அவன் வீட்டு வாசப்படியை மிதித்தது இந்த மாசம்தான்.

அங்கேயும் பேப்பர் கப்பு. ஊர் பூராவும் இந்த வியாதி பரவியிருக்கிறதா?

"மச்சான், ஒன் வீட்ல டம்ளருக்குப் பஞ்சமா? சொல்லு, எங்க வீட்லேர்ந்து ரெண்டு கொண்டாறேன்" என்றேன். அவன் சிரித்தான். அவன் பெண்சாதி தில்லையம்மாள் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு என் கிண்டல் பிடிபட நாளாகும்.

20 ஜூன்

ராஜமாணிக்கம் பாண்டிச்சேரி போய் வந்திருக்கிறான். எனக்கு ஒரு கப்பு! பீங்கான். வெள்ளையில் நீலப்பூ. கப்பின் காதுக்குள் என் தடி விரல் அளவாக நுழைகிறது.

"இது ஒனக்குன்னே வாங்கனது டிரைவரே. வேற யாரும் இதுல குடிக்க மாட்டாங்க."

கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடனே கிண்டல் பண்ணினேன். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான். "நீங்கள்லாம் தகரத்துல குடிங்க. நான் கவர்னரு. எனக்கு பீங்கான்" என்றேன். கப்பைச் சுண்டு விரல் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

21 ஜூன்

வெண்மதியிடம் கப்பு கதையைச் சொன்னேன். டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டு இருந்தாள்.

"அவங்க வீட்ல எல்லாருக்கும் கப்பாப்பா?"

"இல்லம்மா. எனக்கு மட்டும்."

"ஒங்களுக்கு மட்டும்."

அவ்வளவுதான். திரும்பவும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். பொறாமை. அவளுக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள் கப்பு?

3 செப்டம்பர்

ராஜமாணிக்கம் வீட்டில் காபி சுமார். கப்பு சூப்பர்.

14 நவம்பர்

ராஜமாணிக்கம் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். ஏணி வேண்டுமாம். வெண்மதி காபி கொண்டுவந்தாள்.

"இப்பத்தாம்மா குடிச்சிட்டு வறேன்."

"தண்ணியாவது குடிங்க மாமா."

"வாணாம்மா, சுகரு."

"யோவ், சுகருக்குத் தண்ணி கூடாதுன்னு எந்த டாக்டருய்யா சொன்னான்? அவன் அட்ரசைக் குடு, நான் பாக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் காபியையும் நானே குடித்தேன். எனக்கு லாபம்.

வெண்மதி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

17 ஏப்ரல் 2011

சிதம்பரம் போய் வந்தோம், நானும் அவனும். பழைய மெக்கானிக் வீட்டுக் கல்யாணம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கலியமூர்த்தி கடை. அந்தக் காலத்தில் வண்டியைப் போட்டதும் நேரே அங்கேதான் போவோம். ஒரு காபி சொல்லிப் பாதி பாதி. இன்றைக்கும் அப்படித்தான். என் கிளாசில் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை அவன் கிளாசில் ஊற்றினேன். வாய் வைத்து சர்ரென்று உறிஞ்சினான். எத்தனை வயசானாலும் அந்தச் சத்தம் மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மச்சான், சத்தத்தைக் கொறைடா. ரிவர்ஸ் எடுக்கறாங்கன்னு சனங்க ஒதுங்கப்போவுது" என்றேன்.

"போடா மச்சான்" என்றான்.

ஒன்று கவனித்தேன். ரோட்டில் நான் மச்சான். அவன் வீட்டுக்குள் போனால் டிரைவரே. பெண்டாட்டிக்கு அவ்வளவு பயம். நாளைக்கு இதை வைத்து ஓட்டணும்.

30 டிசம்பர் 2011

காற்று. என் ஆயுசில் இப்படிப் பார்த்ததில்லை. ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டி நானும் வெண்மதியும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டுப் பலா மரம் வேரோடு போய்விட்டது. ராஜமாணிக்கம் வீட்டில் பின்பக்கம் முழுக்க ஷீட்டுக் கூரை. என்ன ஆனானோ.

31 டிசம்பர்

விடிஞ்சதும் ஓடினேன். வெண்மதி தடுத்தா, கேக்கல. தெருவே இல்ல, மரம்தான் இருந்துச்சு. ஏறிக் குதிச்சுப் போனேன், இந்த வயசுல.

வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகல. பின்பக்கம் பாத்ரூம் மேல இருந்த ஷீட்டு மட்டும் நொறுங்கி விழுந்து கெடந்துது. ராஜமாணிக்கம் நடுங்கிப்போய் நின்னான். "நவுரு மச்சான்"ன்னுட்டு நானே ஒவ்வொண்ணா அள்ளிப்போட்டேன். கையில கிழிச்சிடுச்சு. பரவால்ல.

அங்க பாத்ரூம் செவுத்துல ஒரு மாடம். அதுல ஆசிட் பாட்டலு, கக்கூஸ் தேய்க்கற பிரஷ்ஷு, பக்கத்துல — நீலப்பூ. என் கப்பு. ஒடையல. ஒரு கீறல் இல்ல.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன்! "மச்சான், ஊரே போச்சு, என் கப்பு போகல பாரு!"ன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடினேன். காத்துல பறந்து அங்க போயி விழுந்துருக்கும்னுதான் நெனச்சேன். அடுப்படியில டம்ளருங்க கவுத்து வெச்சிருந்த ஸ்டாண்டுல, அதுங்க நடுவுல வெச்சேன்.

"அய்யய்யோ! அங்க வெக்காதீங்க!"

தில்லையம்மா. தீப்பிடிச்ச மாதிரி ஒரு கத்து.

நான் கைய எடுத்துட்டேன். கெடந்த எடம் அப்படி, அழுக்காயிருக்கும், அதான் கத்தறாங்கன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா அந்தம்மா ஸ்டாண்டையே அப்படியே தூக்கிக்கிட்டு வெளிய போச்சு. அத்தனை டம்ளரையும் கீழ போட்டு சபீனா போட்டுத் தேய்க்குது. ஒண்ணொண்ணா. கரண்ட் இல்ல, மோட்டாரு ஓடாது, குடிக்கறதுக்கு ஒரே ஒரு கொடம் தண்ணி. அந்தத் தண்ணிய எடுத்து ஊத்திக் கழுவுது.

கப்பு பட்ட டம்ளரு ரெண்டு. கழுவனது எல்லாத்தையும்.

ராஜமாணிக்கத்த பாத்தேன். அவன் விழுந்து கெடந்த முருங்க மரத்த பாத்துக்கிட்டு நின்னான். முருங்க மரத்துல என்ன இருக்கு பாக்கறதுக்கு?

கப்ப எடுத்து லுங்கி மடிப்புல வெச்சிக்கிட்டு வந்துட்டேன். என்னுதுதான? வேற யாரும் குடிக்க மாட்டாங்கல்ல?

1 ஜனவரி 2012

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லம்மா."

"சொல்லியிருந்தா?"

"போயிருக்க மாட்டேன்."

"அதாம்பா சொல்லல. அம்மா போனதுக்கு அப்பறம் நீங்க சிரிச்சதே அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்ற நாள்லதான்."

அவள் போய் பேப்பர் கப்பு கட்டை எடுத்துப் பரண் மேல் எறிந்தாள். எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை.

4 ஜனவரி

கரண்ட் இல்லை. படுத்துக்கொண்டு யோசிக்கிறதுதான் வேலை.

புவனகிரி பக்கம் காலனியில் பிறந்தவன் நான். இதெல்லாம் தெரியாதவனா? சின்ன வயசில் டீக்கடையில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தவன். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இது நீலப்பூ போட்டு வந்தது. ஏமாந்துவிட்டேன்.

முதலில் பேப்பர் கப்பு கொடுத்தார்கள். குடித்ததும் வீசிவிடலாம். நான்தான் டம்ளர் இல்லையா என்று கேட்டு மானத்தை வாங்கினேன். அவன் யோசித்திருக்கிறான். டம்ளரும் தரக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போயி, கடையில நின்னு, நீலப்பூவா செவப்புப்பூவான்னு எடுத்துப் பாத்து, என் விரல் நொழையுமான்னு அவன் விரல விட்டுப் பாத்து வாங்கியிருக்கான். அதான் நெஞ்ச அறுக்குது. கைக்குக் கெடச்சத வாங்கியிருந்தாகூட மனசு ஆறிடும்.

சுகருக்குத் தண்ணி கூடாதாம்!

22 ஜனவரி

வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"ஏன் டிரைவரே வர்றதே இல்ல?"

"முட்டி வலி."

"கரண்ட் வந்துடுச்சு. ஷீட்டெல்லாம் புதுசா போட்டாச்சு. வா."

"மாடத்த இடிச்சிட்டியா, இருக்கா?"

கேட்டைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"அவ அந்தக் காலத்துப் பொம்பள, மச்சான். சொன்னா கேக்க மாட்டா."

"பாண்டிச்சேரிக்குப் போனது அவளா?"

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. தெருமுனை வரைக்கும் பார்த்தேன். திரும்புவான் என்று நினைத்தேன். இப்போது மட்டும் மச்சான் எப்படி வந்தது வாயில்?

23 ஜனவரி

கப்பைக் கொல்லைக் குழாயடியில் வைத்து ஷேவிங் பிரஷ்ஷைப் போட்டேன். அளவு சரியாக இருக்கிறது.

11 மார்ச்

சாயங்காலம் ஆனால் கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்புகிறது. ஓட்டிப் பழகின ரூட்டு. இன்றைக்கு முனை வரைக்கும் போய் யூ டர்ன் அடித்து வந்தேன்.

30 மே

வெண்மதி கேட்கிறாள், "ஏம்பா, இப்பல்லாம் என்னைக் கிண்டலே பண்றதில்ல?"

"ஒன் காபியக் குடிச்சிட்டு வாயி கட்டிக்கிச்சு" என்றேன். சந்தோஷமாக அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு அது போதும்.

19 ஆகஸ்ட் 2012

ராஜமாணிக்கம் வந்தான். இந்தத் தடவை கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். இளைத்துப் போயிருக்கிறான். கொல்லையில் கை கால் கழுவினான். குழாயடியில் கப்பும் பிரஷ்ஷும் இருந்த இடத்தைத் தாண்டித்தான் வரணும். வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஒரு காபி குடு மச்சான்."

வெண்மதி என்னைப் பார்த்தாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். நானே போட்டேன். பால் காய்ச்சி, டிக்காஷன் ஊற்றி, சர்க்கரை — அவனுக்கு நிஜமாகவே சுகர் இருக்கிறது — போடவில்லை.

எதில் கொடுக்கிறது?

பரண் மேல் பேப்பர் கப்பு இருந்தது. எட்டினால் எடுக்கலாம். குழாயடியில் நீலப்பூ இருந்தது. பிரஷ்ஷை எடுத்துவிட்டு அலசினால் ஆச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், கை அந்தப் பக்கம் போனது. பழைய சாமிக்கண்ணாக இருந்தால் அதில்தான் ஊற்றியிருப்பான். அவன் முழி பிதுங்கும்போது தொடையைத் தட்டிச் சிரித்திருப்பான்.

ராசம்மாள் டம்ளரை எடுத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது, அவள் பேர் வெட்டியது. அவள் போன பிறகு நான் குடிக்கிற டம்ளர். டபராவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கினான். பேரை எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். எனக்கு அந்த சர்ரென்ற சத்தம் காதில் விழுந்தே விட்டது, அவன் குடிப்பதற்கு முன்னாலேயே.

முகத்தை மேலே தூக்கி, டம்ளரை உயரப் பிடித்து, ஊற்றிக்கொண்டான்.

கொதிக்கிற காபி. தாடையில் வழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ஆனது. இருமினான். கண்ணில் தண்ணீர். ஆனாலும் நிறுத்தவில்லை, முழுசும் அப்படியே ஊற்றிக் குடித்தான்.

"நல்லாருக்கு மச்சான்" என்றான்.

துண்டு எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டான். புயல் நிவாரணம், முந்திரி விலை என்று கொஞ்சம் பேசினான். எதுவும் நடக்காத மாதிரி எனக்கும் பதில் வந்தது. போகும்போது, "அப்பப்ப வா" என்றான். "வறேன்" என்றேன்.

வெண்மதி டம்ளரை எடுக்க வந்தாள். வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

சுற்றிலும் பார்த்தேன். வாய் பட்ட இடமே இல்லை. கழுவுவதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் கழுவினேன். கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன்.