தொண்ணூறு டிகிரி

மே 14, செவ்வாய்.

கப்பலூர் கம்பெனியில் இருபது வருடமாக மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவன் நான். அவற்றின் சூடு எண்பது டிகிரியைத் தாண்டினாலே நெஞ்சு பதறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மகள் கயலின் கேமிங் லேப்டாப் திரையில் 90 டிகிரி என்று காட்டியது. அதன் ஃபேன் இரைந்தது. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன்.

நாளை காலேஜில் கொடுக்க வேண்டிய அனிமேஷன் வீடியோ காலையிலிருந்து அதில் தயாராகிக்கொண்டிருந்ததாம். அத்தனையும் போய்விட்டது.

"எம்புட்டுச் சூடு தாயி, எரிஞ்சு போயிருமேன்னுதான்..." என்றேன்.

"பெரிய வேலை ஓடும்போது தொண்ணூறு வரைக்கும் போகும்ப்பா. அதைத் தாங்குற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. அதுக்கும் மேல போனா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும்."

அவள் கத்தவில்லை. வீடியோ வேலையை முதலிலிருந்து ஓட விட்டாள். பிறகு கேட்டாள்: "கம்பெனியில ஆபரேட்டர்கிட்ட கேக்காம மெஷினை நிறுத்துவீங்களாப்பா?"

நிறுத்தமாட்டேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம்கூடக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

அவள் அறையில் லேப்டாப் ஃபேன் இன்னும் இரைகிறது. எவ்வளவு முடிந்திருக்கிறது என்று போய்க் கேட்க வாய் வரவில்லை.