ஆறு மணி நேரக் கொடியை யார் பிடிப்பது என்பது குறித்து

அனுப்புநர்:
கண்ணாடிக் கடை உரிமையாளர்,
மாடி வீடு, பழைய ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சி நடத்திய மாரத்தான் ஓட்டத்தில் ஆறு மணி நேரக் கொடி பிடித்து ஓடிய ஊழியர் மீது புகார் – மேற்படி கொடி குறித்து உரிய முடிவெடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இந்நகரில் நெடுங்காலமாகக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்து வருகிறேன். தங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் கோப்பு படிப்பது என் கடைக் கண்ணாடி வழியாகத்தான். சலுகை கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் ஒன்றைப் பார்த்தேன் என்றால் சரியாகத்தான் பார்த்திருப்பேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த மனுவை முதலில் தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் சொன்னேன். பாதி கேட்டதுமே பேனாவை மூடிவிட்டார். "சார், இதுல புகார் எங்க இருக்கு? வெறும் வயித்தெரிச்சல்தான் இருக்கு" என்றார். ஆகவே நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. முதலில் பாதையைப் பற்றி. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நகராட்சி போட்டுக் கொடுத்திருக்கும் நடைபாதை மிகவும் நன்றாக இருக்கிறது. மேடு பள்ளம் கிடையாது. இரு பக்கமும் வயல். நிலையத்தில் தொடங்கி ஆற்றுப் பாலம் வரை ஒரு வளைவுகூட இல்லை. ஓடுகிறவர்களுக்கு இது வசதி. என் வீட்டு மாடி ஜன்னலில் நிற்கிறவனுக்கு இது பெரும் உபத்திரவம். மற்ற பாதைகளில் போகிறவர்கள் ஏதாவது ஒரு திருப்பத்தில் மறைந்துவிடுவார்கள். நாமும் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். இந்தப் பாதையில் போகிறவர்கள் மறைவதே இல்லை, சிறிதாகிக்கொண்டே போகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் ஒருவர் மாதிரி தெரிகிறது. இதை நான் பல காலைகள் பார்த்திருக்கிறேன்.

2. என் மனைவி அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்று சொல்லும் வேலை. வெளியூரில் படிக்கும் எங்கள் மகள் விளையாட்டாகத் தன் அம்மாவின் பெயரை மாரத்தானுக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டதும் நான் சிரித்தேன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறாளாம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், நல்ல ஷூ எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள்.

3. இனி கொடி. இந்த ஓட்டத்தில் பழக்கமில்லாதவர்களுக்குத் துணையாகச் சிலர் கையில் கொடியோடு ஓடுகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. நாலு மணி நேரக் கொடி, ஐந்து மணி நேரக் கொடி என்று எழுதியிருக்கும். அந்தக் கொடியை விட்டு விலகாமல் ஓடினால் அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். கொடி பிடிப்பவர் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. எல்லாவற்றிலும் மெதுவானது ஆறு மணி நேரக் கொடி. அதைப் பிடித்தவர் தங்கள் அலுவலகத்தில் குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கும் ஊழியர். என் புகார் இந்த மேற்படி ஊழியர் மீதுதான்.

4. மேற்படி ஊழியர் முந்தைய ஆண்டு இதே ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர். தங்கள் கையால்தான் கோப்பை வாங்கினார். அப்படிப்பட்டவர் இந்த முறை எதற்காகக் கடைசிக் கொடியைக் கேட்டு வாங்கினார் என்று நான் நேரிலேயே கேட்டேன். "ஜெயிச்சுப் பாத்தாச்சு சார். முன்னாடி ஓடினா பேச ஆள் இல்ல. கடைசியில வர்றவங்க கூடதான் ஓட நல்லா இருக்கும்" என்றார். கோப்பையை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஒருவர் வந்து நம் வீட்டுப் பெண்மணி பக்கத்தில் மெதுவாக ஓடினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதைத் தாங்களும் ஒரு குடும்பஸ்தர் என்ற முறையில் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

5. மேற்படி ஊழியரோடு என் மனைவி காலையில் பாதையில் பயிற்சி எடுத்த நாட்களில் நடந்தது. மேற்படி ஊழியர் மீட்டர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. முன்பெல்லாம் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார். இப்போது குனிவதற்கு முன்னால் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். அக்கா என்றுதானே கூப்பிடுகிறார், அப்புறம் என்ன என்று தாங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துச் சமாதானமாகத்தான் பார்த்தேன். அவளுக்கு முட்டி வலி இருக்கிற விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும் என்பதால் சமாதானமாக முடியவில்லை.

6. ஓட்டம் நடந்த அன்று. நிலையத்திலிருந்து பாலம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பாதித் தூரத்தில் எல்லோரும் என் ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள தண்ணீர் மேசையைச் சுற்றித்தான் திரும்பினார்கள். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த பைனாகுலரை அன்று ஒரு நாள் விற்பனையிலிருந்து நீக்கி நானே வைத்துக்கொண்டேன். ஆறு மணி நேரக் கொடிக்குக் கீழே கிளம்பும்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். முதல் முறை திரும்பி வரும்போது ஒருவர் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொடியும் என் மனைவியும் மட்டும் வந்தார்கள். சட்டப்படி அவர் கொடியை விட்டு விலகக் கூடாது, அவளும் விலகக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யார் எழுதியது என்று தெரியவில்லை.

7. புகாரின் முக்கியமான பகுதி இதுதான். தண்ணீர் மேசையில் மேற்படி ஊழியர் ஒரு கையில் கொடியும் மறு கையில் வாழைப்பழமுமாக நின்றார். வியர்வையில் அவருடைய கண்ணாடி மங்கிப் போயிருந்தது. என் மனைவி அதை அவர் முகத்திலிருந்து கழற்றினாள். குடித்தது போக மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். தன் பனியன் நுனியால் துடைத்தாள். அவருடைய இரண்டு கையும் வேலையாக இருந்ததால் அவளே மாட்டியும் விட்டாள்.

ஐயா, அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்தவன் நான். ஓடும்போது நழுவாமலிருக்கப் பின்னால் பட்டை வைத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த லென்ஸைத் துணியால் அப்படித் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். இதை என் கடையில் ஒவ்வொருவரிடமும் தவறாமல் சொல்லி, மெல்லிய துணி ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். அதை விடுங்கள். மாட்டிவிட்டாளே, அந்த விதம்! இரண்டு கைகளாலும் பிடித்து, முதலில் இடது காது, பிறகு வலது காது, கடைசியில் மூக்கின் மேல் ஒற்றை விரலால் லேசாக ஒரு தட்டு. அது என்னுடைய முறை. அந்த லேசான தட்டு இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. எப்போதாவது கடைப் பக்கம் வரும்போது நின்று பார்த்து அவள் கற்றிருக்கிறாள். எனக்கு ஒரு நாளும் அவள் கண்ணாடி துடைத்ததில்லை, மாட்டியதில்லை. என் கண்ணாடி எப்போதும் சுத்தமாக இருக்கும், அதனால் அதற்கு வாய்ப்பு வரவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் எனக்குப் பொறாமை. மனுவில் எழுதக் கூடாத சொல்லாக இருந்தாலும் வேறு சொல் கிடைக்கவில்லை.

8. முடியும் இடத்துக்கு நானே இறங்கிப் போனேன். மேற்படி ஊழியரின் மனைவியும் அங்கே குடையோடு நின்றிருந்தார். அவரிடம் பேசினால் என் கட்சிக்கு ஒரு ஆள் சேரும் என்று நினைத்தேன். அந்த அம்மாள், "ஏன் சார் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? எங்க வீட்டுக்காரர் அக்காவ பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடுவாரு, கவலப்படாதீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இப்படிப்பட்ட மனைவி வாய்த்ததிலும் மேற்படி ஊழியருக்கு அதிர்ஷ்டம்தான். கடைசியில் இருவரும் வந்தார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கொடியைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி, என் மனைவியை முன்னால் விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தாங்களும் தட்டினீர்கள். நான் பைனாகுலரைக் கையில் பிடித்திருந்ததால் தட்ட முடியவில்லை.

9. அன்று மாலை, ஆறு மணி நேரமும் இருவரும் என்ன பேசினீர்கள் என்று என் மனைவியிடம் விசாரித்தேன். எங்கள் வீட்டில் ஆறு மணி நேரம் பேசுவதற்கு விஷயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவள் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் பேசல. அப்பப்போ தண்ணி குடிங்கன்னு சொல்வாரு, அவ்ளோதான்" என்றாள். பேசியிருந்தாலே தேவலை என்றாகிவிட்டது எனக்கு. பிறகு அவளாகவே சொன்னாள்: "கல்யாணமான நாள்லேருந்து நீங்க எனக்குப் பத்தடி முன்னாடிதான் நடக்கறீங்க. மெதுவா நடங்கன்னு சொல்லிச் சொல்லி நானும் விட்டுட்டேன். ஒரு ஆள் பக்கத்துலயே வந்தா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

இதற்கு என் பதிலையும் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் முன்னால் நடப்பது பேருந்தில் இடம் பிடிக்கவும், கூட்டத்தில் வழி பண்ணவும், தெருநாய் இருந்தால் விரட்டவும்தான். இதை அவளிடமும் சொன்னேன். "மருத்துவமனை வராந்தாவுலகூடவா நாய்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அடுத்த ஆண்டும் அதே கொடிக்குக் கீழேயே ஓடப் போவதாக மறுநாள் காலையில் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

10. மேற்படி ஊழியரை வேறு பகுதிக்கு மாற்றும்படி கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் மீட்டர் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. பாதையில் நடுநடுவே இரண்டு வளைவு போடச் சொல்லலாம் என்றும், மரமாவது நடச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். மரம் வளர்வதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடும். ஆகவே யோசித்துக் கீழ்க்கண்டதைக் கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆறு மணி நேரக் கொடியை எனக்குத் தர வேண்டும்.

என் தகுதியைப் பற்றித் தாங்கள் கேட்பீர்கள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முதல் நானும் காலையில் பாதைக்குப் போகிறேன். முதல் நாள், பழக்க தோஷத்தில், அவளுக்கு முன்னால் வேகமாகக் கிளம்பிவிட்டேன். கைவிடப்பட்ட சிக்னல் கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை, நெஞ்சு அடைத்துக்கொண்டது. முட்டியில் கை வைத்துக் குனிந்து நின்றேன். பின்னால் அவளுடைய ஷூ சத்தம் வந்துகொண்டிருந்தது. தாண்டிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். போக வேண்டியதுதான் நியாயமும். சத்தம் என் பக்கத்தில் வந்ததும் மெதுவானது. "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. விடுங்க" என்று மருத்துவமனையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். விட்டேன். அதன் பிறகு வீடு வரைக்கும் என் பக்கத்திலேயே வந்தாள். மேற்படி ஊழியர் எதிரே ஓடி வந்து எங்கள் இருவருக்கும் கையசைத்துவிட்டுப் போனார். அவர் கண்ணாடியில் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

இப்போதைக்கு எனக்காக அவள்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறாள். இதை என் தகுதிக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். ஓட்டத்துக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் அவளுடைய வேகத்துக்கு நான் வந்துவிடுவேன். எனக்குக் கொடி கொடுப்பது பற்றி அவளைக் கேட்டதற்கு, "மனு போடுங்க, பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் தங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன். தங்கள் முடிவு எதுவானாலும் கடைக்கு அல்ல, வீட்டு முகவரிக்கே தபாலில் தெரிவிக்க வேண்டுகிறேன். அவள் பிரித்துப் படிக்கட்டும்.

இடம்: வீட்டு மாடி, ஜன்னல் ஓரம்.
நாள்: ஓட்டம் முடிந்த பின் மூன்றாம் திங்கட்கிழமை.

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடை உரிமையாளர்

இணைப்பு: புதிய லென்ஸ் ஒரு ஜோடி. மேற்படி ஊழியரின் ஃபிரேமுக்கு அளவாக வெட்டியது, பவர் சரிபார்க்கப்பட்டது. அவரிடம் சேர்ப்பிக்கவும். விலை வேண்டாம். என் மனைவி துடைத்த பழைய லென்ஸ் இரண்டையும் மட்டும் அவரிடமிருந்து வாங்கி, எனக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.