தலையணை உறைக்குள் காற்றுப் பெட்டி

திண்டுக்கல்

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். என் மாடிக்கு வர வேண்டிய காற்று அளக்கும் பெட்டியை உன் பெரியத்தா ரஃபீக் தன் மாடிக்குக் கொண்டுபோனார், அதோடு நிற்காமல் அதன் மூக்கைத் துணி போட்டு மூடினார், அதை நம்பி நடந்த உன் அம்மா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். தோஹாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே. மாப்பிள்ளை கேட்ட நத்தம் மாவடு போட்டு வைத்திருக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே விடுங்கத்தா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நம் தெருக் காற்றை அளக்க வேண்டும் என்று முதலில் கேட்டவன் நான். பின்னால் காலிமனையில் சாயங்காலமானால் தோல் வெட்டுத் துண்டுகளைக் கொளுத்துகிறார்கள், அம்மாவுக்கோ இளைப்பு. மாநகராட்சிக்கு நடையாய் நடந்தேன், பேப்பரில் வருவதைப் படித்துப் படித்து என்ன எண் வந்தால் ஆபத்து என்று நானே தெரிந்துகொண்டேன். கடைசியில் காலேஜிலிருந்து ஜீவிதா டீச்சர் பெட்டியோடு வந்து என் மாடியைப் பார்த்துவிட்டு, வீட்டுல வைஃபை இருக்காய்யா என்று கேட்டது. இல்லை. எதிரே உன் பெரியத்தா வீட்டில் இருந்தது, பேரன் விளையாடுவதற்குப் போட்டது. அம்புட்டுத்தான், பெட்டி அங்கே ஏறிவிட்டது. வேடசந்தூர் மில் பஸ் நிற்கிற முனையில் எண் காட்டும் பலகை வைத்து, நல்ல காற்றென்றால் பச்சை, கெட்டதென்றால் சிவப்பு, அதே எண் எங்கிருந்தாலும் போனிலும் தெரியும் என்று விளக்கி, சால்வையை அவருக்குப் போட்டார்கள். நான் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். நீயும் பூச்செண்டுப் படத்தோடு அவருக்கு வாழ்த்து அனுப்பினாய், அதை அவர் என்னிடமே காட்டினார். பொறாமையா என்று கேட்காதே, பொறாமைதான்.

வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம் இல்லையா. உன் பெரியத்தா மாடியேறி, வந்த விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி அந்தப் பெட்டிக்கும் செத்த நேரம் நின்று காட்டியிருக்கிறார். தெருமுனைப் பலகை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, ஜனங்கள் பயந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள். விஷயம் தெரிந்ததும் டீக்கடை செபாஸ்தியம்மாள், என்ன பாய், உங்க வீட்டுல சாம்பிராணி போட்டா எங்க வீட்டுல கதவடைக்கணுமா என்று முகத்துக்கு நேரே கேட்டுச் சிரித்தது. எனக்கு அன்றைக்கு இரண்டு டீ இறங்கியது. ஆனால் அதிலிருந்து பலகை சிவந்தாலே தன்னைத் திட்டுகிற மாதிரி அவருக்கு ஆகிவிட்டது. காலிமனையில் புகை கிளம்புவதைப் பார்த்தால் பூப்போட்ட தலையணை உறை ஒன்றைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு மாட்டிவிடுவார். பலகை பச்சையாகவே நிற்கும்.

இது தெரியாமல்தான் நீ அன்றைக்கு உன் போனில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, காத்து நல்லாருக்கும்மா, நாலு எட்டு நடந்துட்டு வாங்க என்றாய். நான் அம்மாவிடம், வேண்டாம் சைதூன், நாத்தமடிக்குது, போகாதே என்றேன். அத்தாவுக்குப் பெரியத்தா பெட்டி மேல எரிச்சல் என்று நீ சிரித்தாய், அவளும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். காலிமனைத் திருப்பத்தில் உட்கார்ந்தவளை ஆட்டோக்கார முகேஷ்குமார் தூக்கிக்கொண்டு வந்தான். உன் மேல் குற்றமில்லை, நீ எண்ணைப் பார்த்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து துணி எடுக்க மாடி ஏறியபோதுதான் எதிரே அந்த உறையைப் பார்த்தேன். அங்கிருந்தே கத்தினேன். உன் பெரியத்தா நிதானமாக, ஏப்பா நைனா, தூசி படக் கூடாதுன்னு போட்டேன் என்கிறார். தூசியை அளக்கிற பெட்டி மேல் தூசி படக் கூடாதாம். அவர் மனசறிந்து சைதூனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அழுதார். உறை மட்டும் இன்னும் மாடிக் கைப்பிடியில் தொங்குகிறது.

உங்கள் மூன்று பேரையும் அல்லாஹ் நல்ல உடம்போடும் நிம்மதியோடும் வைக்கட்டும், பிள்ளைக்கு என் முத்தம். இனி ஆக வேண்டியதைக் கேள். உறையை உன் பெரியத்தா கீழே கொண்டுபோக வேண்டும், சாம்பிராணி கீழ்வீட்டோடு நிற்க வேண்டும். ஜீவிதா டீச்சர் பெட்டியைச் சுற்றிக் கம்பிவலை போட்டுப் பூட்ட வேண்டும், பெட்டி மூடிக் கிடந்தால் பலகையிலும் போனிலும் பச்சை வராமல் தெரியவில்லை என்று வரும்படி செய்ய வேண்டும். மாநகராட்சி தோல் கொளுத்துகிறவர்களை நிறுத்த வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்று பலகைக்குக் கீழே நம்பர் எழுத வேண்டும், அதற்கு நான் போய் நிற்பேன். வைஃபை போட்டாகிவிட்டது, பெட்டி இங்கே வர வேண்டும் என்பதை நான் விடப்போவதில்லை. பெரியத்தாவிடம் நீ பேச வேண்டும், நீ சொன்னால் கேட்பார், அது எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் பேசு. அம்மாவை நடக்கச் சொல்லும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், நான் வேண்டாம் என்றால், அதை எரிச்சலில் சொல்வதாகவே உனக்குப் பட்டாலும், அன்றைக்கு அவளை வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும்.

உன் அத்தா,
நைனா முகமது