சேலைக்கு ஒரு வலை

சிங்கப்பூர்
10.4.62

ஜொகூரில் கோபமாக இருப்பவளுக்கு,

காலில் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, நடக்கிறாய் என்று உன் தம்பி எழுதியிருந்தான். அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சந்தையில் மலிவாக வாங்கிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை விற்கவில்லை, திட்டாதே. முழுக்கப் பிரித்துப் பூட்டினேன். பின்சக்கரத்தை மறைக்க ஒரு கம்பிவலை வேண்டுமென்று ஜாலான் புசாரில் வெல்டிங் செய்யும் இஞ்ஞாசியிடம் கேட்டேன்.

"எதுக்கு லா, மீன் பிடிக்கவா?"

"என் வீட்டுக்காரி சேலை கட்டுறவ."

சிரிப்பை நிறுத்திவிட்டு வலையைப் பற்றவைத்தான்.

அன்று சக்கரத்தில் சிக்கிக் கிழிந்த உன் பச்சைச் சேலையை நேற்று பின்சீட்டில் கட்டி, முந்தானையைத் தொங்கவிட்டு, தஞ்சோங் பகார் வரை போய்வந்தேன். வழியெல்லாம் சிரித்தார்கள். புதிதாக ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைக்க வருகிறேன். பஸ்ஸில்தான்.

இப்படிக்கு,
உன்னைக் கீழே போட்டவன்