வண்டி ஒதுக்கிய கட்டளை

இல்லை அவ்வா, உன் பேரனை வேலையை விட்டுத் துரத்தவில்லை. காலேஜ் மாதிரி இதையும் பாதியில் விடுவேன் என்று சொல்லும் அப்பாவுக்கு என் நமஸ்காரம் சொல். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் இங்கே பெங்களூர் கிடங்கில் நான் வயர் மாட்டிய, ஆளில்லாமல் ஓடும் வண்டி ஒன்று, 'நில்' என்று கட்டளை போயும் நிற்காமல் என் காலில் இடித்தது. வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே. மேனேஜர் சிவலிங்கையா சார்தான், "நீ மாட்டுன வயர் உன்ன மாதிரியே லூசு! நாளையிலேருந்து வராத" என்று கத்தினார்.

எங்கள் இன்ஜினியர் பூர்விகா திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "வயர்மேல தப்பில்ல சார். கட்டளை போய்ச் சேர்ந்துருக்கு, வண்டிதான் பழசுன்னு ஒதுக்கிருச்சு" என்றாள்.

கட்டளை அனுப்பும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டளைக்கும் வரிசையாக எண் போடும். ஏற்கெனவே பார்த்த எண் திரும்ப வந்தால் வண்டி கண்டுகொள்ளாது. அன்று கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டது. பேட்டரியில் ஓடும் வண்டியோ பழைய எண்களை மறக்கவில்லை. பூர்விகா அதை மாற்றி எழுதிவிட்டாள்: இனி கரண்ட் வந்து ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கம்ப்யூட்டர் தனக்குப் புதுப் பெயர் வைத்துக்கொள்ளும். பெயரையும் எண்ணையும் சேர்த்துத்தான் வண்டி பார்க்கும். என்ன மண்டை அவ்வா அவளுக்கு!

அதைச் சோதித்துப் பார்க்கக் கரண்டை அணைத்துப் போட்டு, ஓடும் வண்டிக்கு முன்னால் நானே போய் நின்றேன்.

"ஏன்டா, ஒரு கால் போதலையா?" என்றார் சார்.

"அவங்க எழுதுனது சார், நிக்கும்."

பூர்விகா 'நில்' அனுப்பியதும் வண்டி என் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாளைக்கு லேட்டா வராத" என்றார்.

வேர்க்கடலைச் சட்னிப் பொடி அனுப்பு, பூர்விகாவுக்கும் சேர்த்து. பார்சல் மேல் என் பெயரை உன் கையாலேயே எழுது, கடைக்காரனை எழுதச் சொல்லாதே; உன் எழுத்தைப் பார்த்து நாளாச்சு. சார் கூப்பிடுகிறார், போகணும்.