நான் எழுதிய புகாரின் மேல் ஒரு புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நில அளவையர்,
ஆண்டு நுழைவு அனுமதி எண் 318,
பழைய அச்சகத்துக்கு மேல், மூன்றாம் மாடி.

பெறுநர்:
காப்பாளர் அவர்கள்,
வன உயிரினச் சரணாலயம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: சரணாலயக் கிழக்கு நடைபாதை – காவலர் மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பார்வையாளர் புகார்ப் புத்தகத்தில் ஜனவரி 12 அன்று நான் எழுதியது.
2. நடைபாதைக் காவலரைப் பணியிலிருந்து நீக்கிய தங்கள் அலுவலக ஆணை, ஜனவரி 27.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவன் நான். பார்வை இரண்டில் கண்ட ஆணை அதன் பேரில் பிறந்தது. புகார் தவறு, ஆகவே ஆணையும் தவறு. நடந்ததை வரிசையாகத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவைத் துறையில் பணியாற்றியவன். கடந்த இரண்டு ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் காலையில், என் மகளின் கணவருடன் கிழக்கு நடைபாதையில் நடந்து வருகிறேன். மகள் இப்போது இல்லை. முன்பு அவர்கள் இருவரும்தான் அங்கே நடப்பார்கள். அவள் இறந்த நாற்பதாவது நாள் மருமகன் காலணி மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்; நடக்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். மறுக்கக் காரணம் எதுவும் தோன்றாததால் போனேன். அந்தப் பாதையின் நீளம் 2,340 மீட்டர். சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாலங்களில் ஓர் ஆள்தான் போக முடியும். ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால். முகம் பார்த்துப் பேசத் தேவையில்லாத அந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

2. இந்தப் பத்தி அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. மகளின் நோய் அவள் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே மருமகனுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அவள்தான் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள் என்றார். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நம்புவதில்லை என்று ஒரு பழக்கம் எனக்கு உண்டாகிவிட்டது.

3. ஜனவரி 12, ஞாயிறு, காலை எட்டு மணி அளவில் ஏழாம் பாலத்தின் வளைவில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். மருமகன் நான்கடி பின்னால். அந்த வளைவில் நாணல் இடுப்பளவு வளர்ந்து இரு பக்கமும் பலகை மேல் சாய்ந்திருக்கும். வலப்பக்கம் பறவை பார்க்கும் மேடையில் நடைபாதைக் காவலர் நின்றிருந்தார். திடீரென்று அவர் இறங்கி வந்து இரண்டு கைகளாலும் என்னைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினார். அறுபது சென்டிமீட்டர் கீழே இறுகிய சேற்றில் விழுந்தேன். மூக்குக் கண்ணாடி தெறித்தது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டது. நிமிர்ந்து, ஏன் தள்ளினாய் என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன்.

4. அவரே என்னைத் தூக்கி, தோளில் சாய்த்து, முதலுதவி அறை வரை நடத்திக் கூட்டி வந்தார். இரண்டு மரச்சட்டம் வைத்து மணிக்கட்டைக் கட்டினார். கட்டு முறையாகப் போடப்பட்டிருந்ததாக மருத்துவமனையில் சொன்னார்கள். அதை நான் புகாரில் எழுதவில்லை. வலது கை நன்றாக இருந்ததால் அந்த அறையிலேயே புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினேன். காரணமின்றித் தள்ளினார், ஒரு வார்த்தை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, பொதுமக்கள் நடமாடும் இடத்தில் வேலை பார்க்கத் தகுதியற்றவர் என்பன என் சொற்கள். தங்கள் ஆணையின் கடைசி வரியில் ‘தகுதியற்றவர்’ என்ற அதே சொல் இருப்பதைப் பின்னர் கவனித்தேன்.

5. மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது மருமகன் சொன்னார்: “மாமா, அங்க பாம்பு இருந்துச்சு. நீங்க கால் வைக்கப் போன பலகையிலதான். நான் பார்த்தேன்.” அதற்கு நான், “நீங்க எதைத்தான் சரியாப் பார்த்தீங்க?” என்றேன். நான் எதைக் குறித்துச் சொன்னேன் என்பது இருவருக்கும் தெரியும். கையில் கட்டு இருந்த ஆறு ஞாயிறும் அவர் என் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் நறுக்க முடியாத காய்களை நறுக்கிப் பெட்டிகளில் போட்டு வைத்துவிட்டுப் போனார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

6. ஆணையின் நகல் தபாலில் வந்தது. திருப்தியாகப் படித்துக் கோப்பில் வைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. விசாரணை 10.30க்குத் தொடங்கி 10.37க்கு முடிந்ததாகவும், கேட்ட கேள்விகளுக்குக் காவலர் பதில் கூறவில்லை என்றும், மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது என்றும் அதில் இருந்தது. என்னையோ மருமகனையோ யாரும் அழைக்கவில்லை.

7. மார்ச் 2 அன்று மறுபடி நடக்கப் போனோம். நுழைவாயிலை ஒட்டிய தகவல் அறையில், அன்றன்று கண்ட விலங்குகளைக் குறிக்கும் பதிவேடு யாரும் பார்க்கலாம் என்று மேசையில் திறந்தே கிடக்கிறது. புகார்ப் புத்தகம் இருப்பது அடுத்த அறையான முதலுதவி அறையில். இடையே ஒரு சுவர்தான். மருமகன் அந்தப் பதிவேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். மனிதர் சொல்வதைவிடத் தாளில் இருப்பதை நம்புகிறவன் நான் என்பது அவருக்குத் தெரியும்.

காவலரின் கையெழுத்தில் அந்த வரி: “ஜன. 12. 8.05. ஏழாம் பாலம், வளைவு. விரியன் ஒன்று, பலகை மேல். பார்வையாளர் ஒருவர் கீழே விழுந்தார், நான் தள்ளியதால்.”

அவர் அதை எழுதியபோது நான் அடுத்த அறையில் புகார் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

8. நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்மணியிடம் காவலரைப் பற்றி விசாரித்தேன். அவருக்குத் திக்குவாய் என்றும், பதற்றம் வந்தால் ஒரு சொல்கூட வெளியே வராது என்றும், இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் அது தெரியும் என்றும் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் நூறு ஞாயிறாவது அவரைக் கடந்து போயிருப்பேன். ஒவ்வொரு முறையும் கையை மட்டும் உயர்த்துவார். வாய் திறந்து வணக்கம் சொல்லாத திமிர் பிடித்த ஆள் என்று எண்ணியிருந்தேன்.

9. அந்தப் பெண்மணியிடம் முகவரி வாங்கி, அன்றே நானும் மருமகனும் காவலர் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை, ஜன்னலோரம் சீருடை துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, முதலில் என் கையைப் பார்த்தார். ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் முயன்றார். எனக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. அவருடைய மனைவி எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். அதைப் பார்த்து நானும் காத்திருந்தேன். காவலர் சொன்னது இது:

“பார்த்து சார்னு சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. கை வந்துடுச்சு.”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு நிமிடம் பிடித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதற்காகவும் வருந்துகிறேன். அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பழையபடி கையை உயர்த்தினார்.

10. புறப்படும்போது அவருடைய மனைவி இரண்டு கடித நகல்களைக் காட்டினார். கடந்த ஆண்டு காவலர் தங்கள் அலுவலகத்துக்கு எழுதியவை. அவசரத்தில் தன்னால் குரல் கொடுக்க முடியாது என்பதால் ஒரு விசில் வழங்குமாறும், ஏழாம் பாலத்து நாணலை வெட்டுமாறும் கேட்டிருக்கிறார். இரண்டிலும் அலுவலக முத்திரை இருக்கிறது. இரண்டாவதில் ‘பரிசீலிக்கலாம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். மார்ச் 2 வரை நாணல் வெட்டப்படவில்லை, நானே பார்த்தேன்.

11. அன்று வீடு திரும்பும் பேருந்தில், மகள் விஷயத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மருமகனிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இந்த மனுவுக்கு உரியதல்ல. நம்பினேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

ஜனவரி 12 அன்று நான் எழுதிய புகார் ரத்துசெய்யப்பட வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்; பொய் என்று அதன் குறுக்கே நானே எழுதிக் கையொப்பமிட அனுமதி கொடுத்தால் போதும்.

காவலரை அதே நடைபாதையில், இடையில் கழிந்த நாட்களையும் பணிக்காலமாகக் கொண்டு, மீண்டும் அமர்த்த வேண்டும். என் மணிக்கட்டுக்கு யாரும் பொறுப்பல்ல. அவர் தள்ளாமல் இருந்திருந்தால் இந்த மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நடைபாதைக் காவலர் அனைவருக்கும் விசில் வழங்க வேண்டும். வளைவுகளில் நாணலை மாதம் ஒரு முறை வெட்ட வேண்டும். ஞாயிறுகளில் குழந்தைகளும் அந்தப் பாலத்தில் ஓடுகிறார்கள்.

விதிப்படி மறு விசாரணை நடத்தியே தீர வேண்டுமென்றால், கண்ணால் பார்த்த சாட்சியாக மருமகனையும், பார்க்காமல் எழுதியவனாக என்னையும் அழைக்க வேண்டும். அன்று விசாரணை அறையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காவலர் பேசத் தொடங்கும்போது யாரும் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டாம்; அவருக்காக யாரும் வாக்கியத்தை முடித்து வைக்க வேண்டாம். நடந்தது என்ன என்பது அவருக்குத் தெரியும். அவரே சொல்வார்.

இடம்: சரணாலய நுழைவாயில், பார்வையாளர் காத்திருப்பு அறை
நாள்: மார்ச் 10

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற நில அளவையர்

மேற்கண்டவற்றில் 3, 5, 7, 9 ஆகிய பத்திகளில் உள்ளவை நான் நேரில் கண்டவை, கேட்டவை.
(ஒப்பம்)
மகளின் கணவர்