சென்சாரில் வைத்த சந்தனப் பொட்டு

அஸ்தினாபுரம்,
சனிக்கிழமை

அன்பு மகள் ஹேமாவதிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என்ன திடீரென்று கடிதம் என்று நினைக்காதே, போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்காருகிறாள், அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

எங்கள் கம்பெனியில் போன வருஷம் காற்றில் ஓடும் சிலிண்டர்களைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடும் ஸ்லைடு மாட்டினார்கள் என்று சொன்னேனே, பாகங்களை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகுமே, அதில்தான் வினை. ஆயுத பூஜைக்கு முப்பது வருஷமாக மிஷின்களுக்குப் பொட்டு வைப்பது நான். இந்தத் தடவை, ஸ்லைடுக்குப் புரோகிராம் போடுகிற பையன் அசரியா பூ வாங்கி வந்தான், நான் சந்தனத்தைக் குழைத்து, பழைய சிலிண்டருக்கு வைக்கிற மாதிரியே ஸ்லைடின் ஓரத்திலும் வைத்தேன். அங்கே ஸ்லைடின் தொடக்க இடத்தைக் காட்டும் கடுகு அளவு சென்சார் இருப்பது எனக்குத் தெரியாதா, கைப்பழக்கத்தில் வைத்துவிட்டேனம்மா. லீவு முடிந்து ஸ்விட்ச் போட்டதும், சென்சாரை மறைத்த சந்தனத்தால் ஸ்லைடு தான் நின்ற இடத்தையே தொடக்க இடம் என்று எடுத்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் பாகம் எடுக்க அமலராணி கை வைத்திருந்தாள். உன் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துவிட்டாளே, அவள்தான். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நான் மட்டும் குனிந்து பார்த்தேன். சென்சார் மேல் சந்தனம் மஞ்சளாகத் தெரிந்தது. பாழாய்ப்போன புத்தி, கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்துவிட்டேன். திரும்ப ஸ்விட்ச் போட்டபோது மிஷின் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் மிஷினில் கோளாறு இல்லை, அசரியாதான் புரோகிராமில் தப்பு நம்பர் போட்டுவிட்டுப் பிறகு மாற்றியிருக்கிறான் என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், திங்கட்கிழமை விசாரணை. நேற்று அவன் நம் வீட்டுக்கு வந்து, நான் ஒரு நம்பரையும் மாத்தலண்ணா, மிஷின் இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கண்ணா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா காபி கொடுத்துக் கம்பெனிக்காரர்களைத் திட்டினாள், நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ரிட்டயராக எட்டு மாதம்தான் பாக்கி, போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது. இந்த மாதிரி மிஷின்களையே டிசைன் செய்கிற நீ, சந்தனத்தால் அப்படி ஆகாதப்பா என்று ஒரு வரி எழுதிவிட மாட்டாயா என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதிவிடாதே, நான் அதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். உன் வேலையிடத்தில் மிஷின் நின்றிருந்தாலும் கை வைக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கிளம்பிவிடுவேன், கர்ச்சீப்பைத் துவைக்காமல் பையில் வைத்திருக்கிறேன். எட்டேகாலுக்கு அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடு. அவளுக்குத் தெரிந்துவிட்டால், விசாரணையில் உண்மையைச் சொல்லாமல் என்னால் வீட்டுக்குத் திரும்ப முடியாது.

உன் அப்பா,
லோகநாதன்